ஆக்டினோமைகோசிஸ் நோய் உடலில் வளரும் விதம்

வைக்கோலையோ புல்லையோ வாயிலிட்டுக் கடிப்பதால் ஆக்டினோமைகோசிஸ் நோய் உண்டாகிறது என்னும் கருத்து நெடுங்காலம் மருத்துவ நூல்களிலும் இடம்பெற்றிருந்தது. 1877ஆம் ஆண்டில் பொலிங்கர் என்னும் ஜெர்மானியர் இக்கிருமியை முதலில் மாட்டின் தாடைக் கட்டிகளில் விவரித்தமையால் அது இயல்பாகவே தோன்றியிருக்கலாம். ஆயினும் 1891இல் வுல்ஃப், இஸ்ரேல் என்னும் இருவர் மனித நோயாளியிடமிருந்து எடுத்து வளர்த்த கிருமியோ பிராணவாயுவை வெறுப்பது. காற்றாடக் கிடக்கும் வைக்கோல் அதற்கு உறைவிடமாகாது.

அதன் உறைவிடம் நம் வாயே. நலமாயுள்ளோரின் பல்லிடுக்கிலும் ஈற்றோரத்திலும் அது தீங்கின்றி வாழ்கிறது. ஆகவே இந்நோய் மாட்டிலிருந்து வருவதன்று; ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதுமன்று.

வாயின் மென்சவ்வு சிதையும்போதுதான் கேடு தொடங்குகிறது. சொத்தைப் பல், பல் பிடுங்கிய குழி, தாடை எலும்பு முறிவு ஆகியவை அதற்கு வாயில்கள். உடன் நுழையும் பிற கிருமிகள் அவ்விடத்துப் பிராணவாயுவைச் செலவழித்து இதற்கு வசதி செய்து தருகின்றன. பின்னர் இக்கிருமி கிளைவிட்ட நூல்களாக நீண்டு, ஒன்றோடொன்று பின்னிச் சிறு மணிகளாகத் திரள்கிறது. மணிகளைச் சூழ்ந்து சீழும், சீழைச் சூழ்ந்து நார்த்திசுச் சுவரும் அமைகின்றன. கட்டி பலகைபோல் இறுகுகிறது. தசை, எலும்பு என்ற எல்லைகளைப் பாராமல் அது மெல்லப் பரவி, வாரங்களோ மாதங்களோ சென்றபின் தோலைத் துளைத்து வெளிப்படும். அப்புரைகளில் கசியும் மஞ்சள் துணுக்குகளைக் கந்தக மணிகள் என்பர். அவற்றின் நிறம் பற்றி வந்த பெயரே அது; கந்தகத்திற்கும் அவற்றிற்கும் தொடர்பில்லை.

வாய்நீர் மூச்சுக்குழலில் இறங்கினால் நுரையீரலிலும், குடல்வால் வெடித்தால் வயிற்றிலும், கருத்தடைச் சாதனம் பல்லாண்டு கருப்பையில் தங்கினால் இடுப்புக்குழியிலும் இந்நோய் தோன்றக்கூடும்.

வலியும் காய்ச்சலும் பெரும்பாலும் சொற்பமே. அதனாலேயே நோயாளி தாமதிக்கிறார். கழுத்துக் கட்டியென்றால் காசநோய் என்றே எண்ணும் நம் நாட்டில், சீழைப் பரிசோதியாமல் அந்நோய்க்குரிய மருந்தை மாதக்கணக்கில் கொடுத்துவிடவும் கூடும். புற்றுநோய் என்று அஞ்சி அறுவை செய்ததும் உண்டு. தாடையோரத்தில் ஆறாத கடினக் கட்டியுடையாரைக் காணும் ஊழியர், அதனைக் கீறவோ பிழியவோ விடாது மருத்துவமனைக்கு அனுப்புதல் வேண்டும். முன்னரே உட்கொண்ட மாத்திரைகளையும் குறித்தனுப்புக. அவை கிருமி வளர்ச்சியைத் தடுத்துப் பரிசோதனையைப் பொய்ப்பிக்கும்.

பெனிசிலின் இக்கிருமியை எளிதில் கொல்லும். ஆனால் இரத்த ஓட்டம் குன்றிய அந்த நார்ச்சுவரைக் கடந்து மருந்து உட்செல்வது அரிது. ஆதலால் முற்றிய நோய்க்குச் சில வாரம் ஊசியும், அதன்பின் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை மாத்திரையும் தேவைப்படுகின்றன. வீக்கம் வற்றியவுடன் மருந்தை நிறுத்துவோருக்குக் கட்டி அதே இடத்தில் மீண்டும் எழக்கூடும்.