நீறு தீர்த்த நோயும் நீறு மறைத்த பயமும்

தளவானூர்க் குன்றில் சத்துருமல்லேசுவரத்தைக் குடைந்தவன் மகேந்திரவர்மன். முகப்பில் மகர தோரணம், ஓரங்களில் வாயிற்காவலர், உள்ளே லிங்கம். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த இந்தக் குடைவரையைப் பற்றிப் பேச்செடுத்தால் அது சிற்பத்தோடு நிற்பதில்லை. சமணனாக இருந்த ராஜா சிவனுக்கு ஏன் கோயில் வெட்டினான் என்பதில்தான் போய் நிற்கும். பதிலும் தயாராக இருக்கும்: சமணத்தை விட்டுச் சைவத்துக்கு வந்த அப்பரைக் காளவாய் சுடவில்லை, நஞ்சு கொல்லவில்லை, யானை மிதிக்கவில்லை, கட்டிப்போட்ட கல் தெப்பமாக மிதந்தது. ராஜா மாறிவிட்டான்.

நடந்ததா என்று கேட்பவருக்கு நம்புகிறவர் வெறுங்கையைக் காட்டுவதில்லை. திருநீலக்குடிப் பதிகத்தில், சமணர்கள் தன்னைக் கல்லோடு பூட்டி நீரில் தள்ளியதையும், நாமம் சொல்லித் தான் பிழைத்ததையும் அப்பரே சொல்கிறார். பட்டவரே சொன்ன வாக்குமூலம் அது. திருச்சி மலைக்கோட்டைக் குடைவரையில், மாற்று வழியிலிருந்து லிங்கத்தின் பக்கம் திரும்பியதாகக் குணபரன் என்ற பெயரில் மகேந்திரனும் வெட்டிவைத்திருக்கிறான். அந்த வரிக்கு வேறு பொருள் கொள்ளும் அறிஞர்களும் உண்டு. கடலூரில் கரையேறவிட்டகுப்பம் என்று ஓர் ஊரே இருக்கிறது.

ஆனால் மகேந்திரனின் கல்வெட்டு எதிலும் அப்பர் பெயர் இல்லை, காளவாயும் இல்லை. கதைக்கு இன்றைய முழு உருவம் தந்தவர் சேக்கிழார். அவர் காலம் பன்னிரண்டாம் நூற்றாண்டு. இடையில் ஐந்நூறு ஆண்டுகள் ஓடிவிட்டன. காபாலிகரையும் பாசுபதரையும் பௌத்தத் துறவியையும் ஒரே மேடையில் ஏற்றிச் சிரித்த 'மத்தவிலாசப் பிரகசனம்' எழுதியவனும் இதே மகேந்திரன்தான். ஒரு துறவியைக் காளவாயில் போட்டுப் பூட்டும் மனம் அந்த நாடகத்துக்குள் எனக்குத் தென்படவில்லை.

ஸ்காட்லாந்துக்காரரான டேவிட் ஹியூம் 1748-இல் வெளியிட்ட நூலில் அற்புதங்களுக்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கினார். சாட்சி சொல்பவர் பொய் சொல்லியிருப்பதோ ஏமாந்திருப்பதோ, அவர் சொல்லும் அற்புதத்தைவிடவும் நம்பமுடியாததாக இருந்தால் மட்டுமே அந்தச் சாட்சியத்தை ஏற்கலாம் என்பது அவருடைய அளவுகோல். இயற்கையின் விதியை வகுத்தவனே அதை ஒருகணம் நிறுத்திவைக்க மாட்டானா என்று இறையியலாளர்கள் கேட்கிறார்கள். கேட்கத் தகுந்த கேள்விதான்.

என்னை உறுத்துவது ஹியூமின் இன்னொரு வாதம். ஒவ்வொரு சமயமும் தன் மெய்மைக்கு அற்புதத்தைச் சாட்சியாக நிறுத்துகிறது. எதிர்ச் சமயமும் அதையே செய்கிறது. ஒன்றின் சாட்சி மற்றதன் சாட்சியை அடித்துவிடுகிறது. நம் வட்டாரத்தில் இது ஏட்டுக் கணக்கல்ல.

அக்காள் திலகவதியார் கொடுத்த திருநீற்றால் திருவதிகையில் அப்பரின் சூலை தீர்ந்தது என்பது நமக்குத் தெரிந்த கதை. சமணரிடமும் ஒரு வயிற்று நோய்க் கதை உண்டு. சமந்தபத்திரர் என்ற ஆசாரியருக்குத் தின்னத் தின்ன அடங்காத பஸ்மகம் என்னும் பசிநோய். அதைத் தீர்க்கச் சிவன் கோயில் ஒன்றில் போய் அமர்ந்து, சாமிக்குப் படைத்த சோற்றை அவரே உண்டார். லிங்கத்தை வணங்கச் சொல்லி அரசன் கட்டாயப்படுத்தினான். அவர் தீர்த்தங்கரர் துதியைப் பாட, லிங்கம் பிளந்து சந்திரப்பிரப தீர்த்தங்கரர் எழுந்தார். அந்தக் கதையிலும் ராஜா மாறிவிட்டான். அப்பர் கதையில் வயிற்று நோய் சைவத்துக்கு அழைத்துவந்தது; சமந்தபத்திரர் கதையில் சைவக் கோயிலிலேயே சமணம் வென்றது. இத்தனைக்கும், கேட்டதும் அருள்செய்ய இறங்கிவரும் கடவுள் சமண தத்துவத்தில் கிடையாது. வினைக்கு விலக்கே இல்லாத அந்தச் சமயமும், வாதம் என்று வந்ததும், அற்புதத்தைக் கையில் எடுத்திருக்கிறது.

கல் மிதந்ததா, லிங்கம் பிளந்ததா என்று இன்னும் ஆயிரம் ஆண்டு வாதாடலாம். அப்பர் கதையில் தோற்றவர்கள் யார், அவர்களுடைய பேரன் பேத்திகள் எங்கே இருக்கிறார்கள் என்பதுதான் என் கவலை. அவர்கள் இங்கேதான் இருக்கிறார்கள். நயினார் எனப்படும் தமிழ்ச் சமணர்களின் மடம் செஞ்சி வட்டாரத்து மேல்சித்தாமூரில் இருக்கிறது. செஞ்சியை ஒட்டிய திருநாதர்குன்றில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர்களைப் பாறையில் வரிசையாகச் செதுக்கியிருக்கிறார்கள். 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்ட சந்திரநந்தி ஆசிரியரின் கல்வெட்டும் அங்கேயே இருக்கிறது. அது தளவானூர்க் குடைவரையைவிடப் பழையது. 'சமணன்' என்றாலே காளவாய் மூட்டியவன் என்று கேட்டு வளர்ந்த பிள்ளையும், நயினார் வீட்டுப் பிள்ளையும் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்காருகிறார்கள்.

இதைவிட நெஞ்சைத் தைக்கும் கதை ஒன்று நயினார்களிடையே வழங்குகிறது. பதினைந்தாம் நூற்றாண்டு வாக்கில் செஞ்சியை ஆண்ட நாயக்கர் ஒருவர் சமணப் பெண் கேட்டதாகவும், அவரை ஏமாற்றி அவமதித்ததால் சமணரைத் தேடித்தேடி வெட்டியதாகவும் சொல்வார்கள். ஓடியவர் ஓட, ஒளிந்தவர் ஒளிய, மற்றவர்கள் நெற்றியில் நீறு பூசிச் சைவராகி உயிர் பிழைத்தார்கள். அப்படி மாறியவர்களின் வழிவந்தவர்களுக்கு 'நீறுபூசி' என்ற அடைமொழி நிலைத்துவிட்டது. பெண் கேட்ட கதையை வரலாறு என்று நான் சாதிக்கவில்லை. ஆனால் ஒரு சமூகம் தன் பயத்தைத் தலைமுறை தலைமுறையாக இப்படித்தான் நினைவில் வைத்திருக்கிறது. திருவதிகையில் நோய் தீர்த்த அதே நீறு, செஞ்சியில் உயிருக்குப் பயந்தவர்களின் நெற்றியில் ஏறியிருக்கிறது. முதலாவதை அற்புதம் என்று மேடைதோறும் பாடுகிறோம். இரண்டாவதைப் பாட யாருமில்லை.

அப்பரின் பக்தியைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. தம்பி துடித்தபோது அக்காள் கையிலிருந்த நீறு அவர் வயிற்றை மட்டுமல்ல, தமிழையும் வாழவைத்தது என்று நான் மனதார நம்புகிறேன். அந்த நம்பிக்கைக்கு ஒரு சமணன் கெட்டவனாக இருந்தாக வேண்டிய கட்டாயம் எங்கிருந்து வந்தது?

கோயில் மண்டபங்களில் சொற்பொழிவு செய்யும் பெரியவர்களிடம் ஒன்று கேட்கிறேன். காளவாய்க் கட்டம் வரும்போது, கேட்பவர்களில் நயினார் வீட்டார் இருக்கக்கூடும் என்று எண்ணிச் சொல்லுங்கள். சமந்தபத்திரர் கதையையும் கூடவே சொல்லுங்கள். செஞ்சி, திண்டிவனம், வந்தவாசிப் பக்கத்து நயினார் வீடுகளில் இந்தக் கதைகளை அறிந்த பாட்டிமார் இன்னும் இருக்கிறார்கள். கல்லூரி மாணவர்கள் யாராவது ஒலிப்பதிவுக் கருவியோடு போய் உட்கார்ந்து, அவர்கள் சொல்வதை ஊர்ப் பெயரோடு பதிந்துவைக்க வேண்டும். அடுத்த தலைமுறை வரை அந்த நினைவு காத்திருக்காது.