வெளிறிய முகமும் ஒரு துளிக் குருதியும்

முகம் வெளிறி, நான்கு படி ஏறியதும் மூச்சு வாங்கும் பெண்ணைக் கண்டால், குறிஞ்சிப்பாடியில் எந்த மூதாட்டியும் "உடம்பில் இரத்தம் இல்லை" என்று சொல்லிவிடுவார். முருங்கைக் கீரையும் பேரீச்சம்பழமும் வீடு வந்து சேரும். பெரும்பாலும் அவர் கூற்றுச் சரியே. இரும்புச்சத்துக் குறைவே நம் நாட்டில் சோகைக்கு முதற்காரணம். ஆயினும் அதே வெளிறிய முகத்தின் பின்னே வேறு நோய்களும் ஒளிந்திருக்கக்கூடும். மருத்துவத் தேர்வுக்குப் படிக்கும் மாணவர் வினாத்தாளில் சந்திப்பதும் இந்த ஐயத்தையே.

சோகை என்பது அறிகுறியின் பெயர், காரணத்தின் பெயரன்று. நூறு மில்லி லிட்டர் குருதியில் ஹீமோகுளோபின் ஆணுக்கு 13 கிராமுக்கும், கருவுறாத பெண்ணுக்கு 12 கிராமுக்கும் குறைந்தால் அது சோகை. அடுத்து, சிவப்பணுவின் அளவைப் பார்க்க வேண்டும். அணு பருத்திருப்பின் பி12, ஃபோலிக் அமிலம் ஆகியவற்றின் குறைவை முதலில் ஐயுறலாம். சிறுத்திருப்பின் இரும்புக் குறைவாகலாம். தலசீமியா மரபாகவும் இருக்கலாம். பின்னதில் அணுக்கள் சிறியனவாயினும் எண்ணிக்கை பெரும்பாலும் குறைவதில்லை. ஹீமோகுளோபின் ஏ2 அளவு 3.5 விழுக்காட்டைத் தாண்டியிருப்பது பீட்டா வகைக்குச் சான்று. இரும்புக் குறைவும் உடன் இல்லாதவருக்கு மாதக்கணக்கில் இரும்பு மாத்திரை கொடுப்பதால் பயனில்லை.

சிவப்பணுவோடு வெள்ளணுவும் தட்டணுவும் ஒருங்கே குறைந்திருந்தால், அவை விளையும் நிலமாகிய எலும்பு மஜ்ஜையையே ஐயுற வேண்டும். மாணவர் பலர் தடுமாறும் இடம் இதுதான். இரத்தப் புற்றில் வெள்ளணு பெருகும் என்றே பாடம் பண்ணியிருப்பர். கடும் புரோமைலோசைட்டிக் லுகேமியா எனும் வகையில் வெள்ளணு குறைந்தே காணப்படுவது வழக்கம். ஈறு கசியும்; தோலில் நீலத் திட்டுகள் தோன்றும். குருதியை உறையச் செய்யும் பொருள்கள் செலவழிந்து, ஃபைப்ரினோஜன் வீழ்ந்து, மூளையில் குருதி கசிந்தால் சில நாள்களிலேயே உயிர் போய்விடும். இந்நோயில் தாமதமே முதல் எதிரி.

ஒரு துளிக் குருதியைக் கண்ணாடித் தகட்டில் மெல்லிதாகத் தடவி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்த்தால், பிறழ்ந்த அணுக்களுள் சிவந்த ஊசிகள் விறகுக்கட்டுப் போல் குவிந்து கிடப்பதைக் காணலாம். அவற்றுக்கு ஆவர் தண்டுகள் என்று பெயர். பதினைந்தாம், பதினேழாம் குரோமோசோம்கள் தம் துண்டுகளை மாற்றிக்கொண்டமையே நோயின் வேர். அதை உறுதி செய்யும் மரபணுச் சோதனை பின்னர் வரட்டும். ஐயம் எழுந்த அன்றே வைட்டமின் ஏ வழிவந்த டிரெட்டினாயின் மருந்தைத் தொடங்கிவிடுவதே இன்றைய நெறி.

இதன் மற்றொரு மருந்து நமக்குப் பழகிய பெயருடையது: ஆர்சனிக் டிரை ஆக்சைடு, சித்த நூலோர் வெள்ளைப் பாடாணம் என்பது. 1970களில் சீனத்தின் ஹார்பின் நகர மருத்துவர்கள் இதை நரம்பின் வழியே செலுத்தும் மருந்தாக்கினர். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில், 1998 முதல் 2004 வரை புதிதாய் நோயுற்று வந்த 72 பேருக்கு இதனையே முதன்மை மருந்தாக அளித்தனர். அவர்களுள் நூற்றுக்கு எண்பத்தைந்துக்கு மேற்பட்டோர் முழுத் தணிவு பெற்றதாக 2006இல் வெளியான முடிவுகள் கூறின. விலைமிக்க மருந்துக்கு வழியற்ற குடும்பங்களுக்கு இது எத்துணைப் பெரிய செய்தி!

பாடாணம் என்றதும் நாட்டு மருந்துக் கடையை நாடிவிட வேண்டா. இதயத் துடிப்பின் வரைபடத்தையும் உப்புச் சத்துகளின் அளவையும் அடிக்கடி பார்த்தே மருத்துவமனையில் இதைச் செலுத்துகின்றனர். திடீர்க் காய்ச்சலும் மூச்சுத் திணறலும் தோன்றினால் உடனே டெக்சாமெத்தசோன் கொடுக்கின்றனர். சோகையோடு ஈறும் கசியும் ஒருவர் குறிஞ்சிப்பாடியிலிருந்து அன்றைக்கே சிதம்பரம் மருத்துவக் கல்லூரிக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ போய்ச் சேரலாம். குருதித் தகட்டைச் சாயமேற்றிப் பார்க்க ஒரு மணி நேரங்கூட ஆகாது.