ஒரு சுரைக்காயைக் கொடியிலேயே விட்டு வையுங்கள்!

கொல்லையில் ஒரு பந்தல் போட்டால் குழம்புக்குக் காய் கிடைக்கும். அடுத்த பட்டத்துக்கு விதையும், அதைப் போட்டு வைக்கக் குடுக்கையும்கூட அதே பந்தலில் கிடைக்கும்.

வயலில் நெல்லும் கரும்பும் மக்காச்சோளமும் விளைகின்றன. சமையலுக்குச் சுரைக்காயும் புடலங்காயும் வாரச் சந்தையிலிருந்து வருகின்றன. இன்று பல விவசாயக் குடும்பங்களின் நிலைமை இதுதான். கொல்லைப்புறத்தில் இடம் சும்மா கிடக்கிறது. அரிசி கழுவிய தண்ணீரும் காய் கழுவிய தண்ணீரும் சாக்கடைக்குப் போகின்றன.

ஒருவர் தினமும் குறைந்தது 400 கிராம் காய்கறி, பழங்கள் சாப்பிட வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு நாளைக்கு 1.6 கிலோ, மாதத்துக்கு 48 கிலோ. அவ்வளவையும் விலை கொடுத்து வாங்கச் சிறு விவசாயியின் கையில் பணம் இருக்காது. விலை ஏறும் மாதங்களில் முதலில் குறைவது காய்தான்.

விதையின் கதையும் இப்படித்தான். சுரை, பீர்க்கு, பாகல் விதைகளைக் காசு கொடுத்து வாங்கும் வழக்கம் முன்பு கிராமத்து வீடுகளில் கிடையாது. நல்ல காய் ஒன்றைக் கொடியிலேயே முற்ற விட்டு, அடுத்த பட்டத்துக்கு எடுத்து வைப்பார்கள். இப்போது பாக்கெட் விதைதான். அது வீரிய ஒட்டு ரகமாக இருந்தால், அதில் எடுக்கும் விதை தாய்ச் செடியைப் போல விளையாது. ஆண்டுதோறும் கடைக்குத்தான் போக வேண்டும். ஓர் ஊரில் ஒரே வீட்டில் இருந்த நாட்டுச் சுரையை, அந்த வீட்டிலும் தொடர்ந்து சில ஆண்டுகள் விதைக்காமல் விட்டால், விதை முளைப்புத்திறன் இழந்து அந்த ரகமே போய்விடும்.

இதைத் தடுக்கப் பெரிய செலவு தேவையில்லை. பத்தடிக்குப் பத்தடி பந்தல், இரண்டு குழி, ஒரு மண் பானை, கொஞ்சம் தேங்காய் நார்க் கயிறு, பழைய வேட்டித் துணி இருந்தால் போதும். வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் இதில் ஒரு வேலை உண்டு.

எந்தப் பட்டம், எந்த ரகம்?

சுரைக்கு ஆடிப்பட்டமும் தைப்பட்டமும் ஏற்றவை. சமையலுக்குக் காய் வேண்டுமென்றால் எதில் விதைத்தாலும் சரி. விதையும் குடுக்கையும் வேண்டுமென்றால் தைப்பட்டம்தான் நல்லது. ஆடியில் விதைத்தால் காய் முற்றும் நேரத்தில் ஐப்பசி, கார்த்திகை மழை பிடித்துக்கொள்ளும். ஈரத்தில் காய் அழுகும். தையில் விதைத்தால் மாசிக் கடைசியில் பிடிக்கும் காய் சித்திரைக் கடைசியில் முற்றும். கத்திரி வெயிலும் வைகாசிக் காற்றும் காயைக் காய வைத்துவிடும். எடுக்கும் விதை வரும் ஆடிக்கே கைக்கு உதவும்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 1 சுரை, அடியில் உருண்டு மேலே கழுத்து உள்ள காயைத் தரும். இதிலும் குடுக்கை செய்யலாம். பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆர்கா பஹார் கழுத்தில்லாமல் நீளமாகக் காய்க்கும். அது சமையலுக்கு ஏற்றது. ஊரில் யாரிடமாவது குடச்சுரை விதை இருந்தால் அதையே முதலில் கேட்டு வாங்க வேண்டும். இவை எல்லாமே வீட்டில் விதை எடுக்கத் தக்கவை.

பந்தலும் உறியும்

ஏழரை அடி நீளச் சவுக்கு அல்லது மூங்கில் கம்புகள் நான்கு தேவை. மண்ணுக்குள் போகும் ஒன்றரை அடியைத் தீயில் வாட்டிக் கருக்கிக்கொண்டால் கரையான் எளிதில் அரிக்காது. நட்டபின் மேலே ஆறடி இருக்கும். ஆள் நிமிர்ந்து நின்று காய் பறிக்கலாம். நான்கு பக்கமும் கம்பு கட்டி, ஓரடிக்கு ஒன்றாகக் குறுக்கும் நெடுக்கும் தேங்காய் நார்க் கயிறு இழுத்துக் கட்டினால் பந்தல் தயார். கொடி ஏறக் குழிக்குப் பக்கத்தில் கிளை உள்ள காய்ந்த குச்சி ஒன்றை ஊன்ற வேண்டும்.

முற்றும் காய் சில கிலோ எடை வரும். காற்றடித்தால் காம்பு முறிந்து விழும். அதற்குத்தான் உறி. நான்கு கயிறுகளை அடியில் முடிந்து, ஒரு சாண் உயரத்தில் பக்கத்துக் கயிறோடு குறுக்கே ஒரு முடிச்சுப் போட்டால் வலைபோல் ஆகும். காயை அதில் உட்கார வைத்து மேல்முனைகளைப் பந்தலில் கட்டிவிடலாம். உறி கட்டத் தெரிந்த பெரியவர்கள் வீட்டில் இருந்தால் பிள்ளைகளுக்குக் கற்றுத்தர இதுவே சமயம்.

குழியும் கலயமும்

ஓரடி நீளம், அகலம், ஆழத்தில் இரண்டு குழி எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு கூடை மக்கிய தொழு உரத்தை மேல்மண்ணோடு கலந்து நிரப்ப வேண்டும். இரவு முழுக்க ஊறிய விதைகளில் குழிக்கு ஐந்து ஊன்றி, முளைத்தபின் வாளிப்பான இரண்டை மட்டும் விட்டு மற்றவற்றைக் கிள்ளிவிட வேண்டும்.

கோடையில் கொடியைக் காப்பாற்றக் கலயப் பாசனம் கைகொடுக்கும். சீனாவில் சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட வேளாண் நூலிலேயே இந்த முறை சொல்லப்பட்டிருக்கிறது. ஐந்து முதல் எட்டு லிட்டர் பிடிக்கும் மண் பானையைக் கழுத்து வரை குழிக்கு நடுவில் புதைத்து, அதைச் சுற்றி ஒரு சாண் தள்ளி விதை ஊன்ற வேண்டும். பானையில் ஊற்றும் தண்ணீர் மண் துளைகள் வழியாகக் கசிந்து வேருக்குப் போகும். வாயைத் தேங்காய்ச் சிரட்டையால் மூடினால் கொசு முட்டையிடாது. தண்ணீர் குறையக் குறைய ஊற்றி வந்தால் போதும்.

சமைத்த பழைய பானை இதற்கு உதவாது. எண்ணெயும் கரியும் துளைகளை அடைத்திருக்கும். தண்ணீர்ப் பானைதான் ஏற்றது. புதைக்கும் முன் தண்ணீர் நிரப்பி வெளியே வைத்துப் பார்க்க வேண்டும். மறுநாள் வெளிப்புறம் ஈரமாக இருந்தால் கசிவு நன்றாக இருக்கிறது.

முளைவிட்ட இளங்கொடியைச் செவ்வண்டு கடிக்கும். பனி ஈரம் உள்ள காலையில் அடுப்புச் சாம்பலை இலைமேல் தூவினால் வண்டு வருவது குறையும். கொடி பந்தலில் ஏறியதும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் பிரியும். பெண் பூக்கள் அவற்றில்தான் அதிகம் வரும்.

பிள்ளைகளுக்கு ஒரு மாலை வேலை

சுரையில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. பெண் பூவின் அடியில் சின்னப் பிஞ்சு இருக்கும். ஆண் பூவுக்கு வெறும் காம்புதான். சுரைப் பூ மாலையில் மலர்ந்து இரவில் திறந்திருக்கும். அரை கிலோமீட்டருக்குள் வேறு ரகச் சுரை இருந்தால் பூச்சிகள் அந்த மகரந்தத்தைக் கொண்டுவந்து சேர்க்கும். காய் பார்க்க வழக்கம்போலத்தான் இருக்கும். ஆனால் உள்ளே இருக்கும் விதை கலப்பாகிவிடும்.

இதைத் தடுக்கக் கையகலத் துணிப் பைகள் போதும். பழைய வேட்டித் துணியை மடித்து இரண்டு பக்கம் தைத்து, வாயில் நூல் கோத்தால் பை தயார். அன்று மாலை மலரப்போகும் மொட்டின் நுனியில் பகலிலேயே வெள்ளை தெரியும். அப்படிப்பட்ட பெண் மொட்டு ஒன்றுக்கும் ஆண் மொட்டு ஒன்றுக்கும் பிற்பகலில் பையை மாட்டிவிட வேண்டும். பொழுது சாய்ந்து பூ விரிந்ததும் ஆண் பூவைப் பறித்து, இதழ்களை நீக்கி, மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவி, மறுபடி பையை மாட்ட வேண்டும். காம்பில் ஒரு சிவப்பு நூல் கட்டி, தேதியை எழுதி வைத்துக்கொள்ளலாம். பூ வாடியபின் பையை எடுத்துவிடலாம்.

சிவப்பு நூல் கட்டிய காயை யாரும் பறிக்கக் கூடாது என்பது வீட்டுக்கே விதி. ஒரு கொடியில் காய் முற்றத் தொடங்கினால் அந்தக் கொடியில் புதுப் பிஞ்சு குறையும். அதனால் நான்கு கொடிகளில் ஒன்றை விதைக்கு ஒதுக்கிவிட்டு, மற்ற மூன்றில் பிஞ்சாகவே பறித்துச் சமைக்கலாம்.

கசப்பு பார்க்காமல் விதை எடுக்கக் கூடாது

இதில் அலட்சியம் ஆகாது. சுரை இனத்தில் குக்கர்பிட்டாசின் என்ற கசப்பு நச்சு உண்டு. நல்ல ரகங்களில் இது மிகக் குறைவு. பேய்ச்சுரையின் கலப்பு ஏற்பட்டால் அடுத்த தலைமுறைக் காய் கசக்கலாம். கசந்த சுரைச் சாற்றைக் குடித்தவர்கள் வாந்தி, வயிற்றுப்போக்கு, ரத்த வாந்தியால் பாதிக்கப்பட்டதும், சிலர் இறந்ததும் நடந்திருக்கிறது. கசக்கும் சாற்றைக் குடிக்கவே கூடாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் குழு 2012-ல் வெளியான அறிக்கையில் எச்சரித்துள்ளது.

சமைக்கும் முன் சிறு துண்டு நறுக்கி நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துத் துப்பிவிட வேண்டும். கசந்தால் காய் முழுவதையும் எறிந்துவிட வேண்டும். வேக வைத்தால் கசப்பு போய்விடும் என்று நினைக்கக் கூடாது. விதைக்கு ஒதுக்கிய கொடியிலும் முதலில் ஒரு பிஞ்சைப் பறித்து இப்படிச் சோதிக்க வேண்டும். கசக்கும் கொடியை வேரோடு பிடுங்கிவிடுவதே நல்லது. தெரியாமல் சாப்பிட்டு வயிற்று வலியோ வாந்தியோ வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

காய் குடுக்கையாகும் விதம்

காய் பிடித்து ஏறக்குறைய இரண்டு மாதத்தில் பச்சை வெளுத்து, நகம் இறங்காத அளவுக்குத் தோல் கெட்டிப்படும். காம்பு காய்ந்தபின் இரண்டு விரல் நீளக் காம்போடு வெட்டி, மழை படாத, காற்றோட்டமான இடத்தில் தொங்கவிட வேண்டும். தரையில் வைக்கக் கூடாது. மேல்தோலில் பூஞ்சணம் படரும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், துணியால் துடைத்தால் போதும். தோல் அமுங்கி நெகிழ்ந்தால் மட்டும் அந்தக் காய் வீண். எடை குறைந்து, குலுக்கினால் விதை கலகலவென்று ஒலிக்கும்போது காய் காய்ந்துவிட்டது என்று பொருள். அதற்கு ஒரு மாதத்துக்கு மேலும் ஆகலாம்.

காய்ந்த காயை ஒரு நாள் தண்ணீரில் ஊறவைத்துத் தேங்காய் நாரால் தேய்த்தால் மேல்தோல் உரிந்து வழவழப்பாகும். உலர்ந்ததும் கழுத்தருகே ஆக்சா பிளேடால் அறுக்கலாம். இந்த வேலை பெரியவர்களுக்கு. உள்ளே இருக்கும் பொடி மூக்கையும் தொண்டையையும் உறுத்தும் என்பதால் முகத்தில் துணி கட்டிக்கொள்ள வேண்டும். வளைத்த கம்பியால் விதையையும் சோற்றையும் சுரண்டி எடுத்து, சிறு கூழாங்கற்களைப் போட்டுக் குலுக்கினால் உள்சுவர் சுத்தமாகும்.

இந்தக் குடுக்கையை இடுப்பில் கட்டிக் கிணற்றில் நீச்சல் பழகியவர்கள் நம் ஊர்களில் நிறைய. மகுடி செய்வதும் இதில்தான். சிதாருக்கும் சில வகைத் தம்புராவுக்கும் குடம் இதுவே. வீட்டில் விதைப் பாத்திரமாக, கரண்டிக் கூடாக, சிட்டுக்குருவிக் கூடாகப் பயன்படுத்தலாம்.

விதையை வைக்கும் முறை

எடுத்த விதையைத் தண்ணீரில் போட்டு, மிதக்கும் சொத்தையை நீக்கி, அடியில் தங்கியதை இரண்டு மூன்று நாள் இளவெயிலில் காயவைக்க வேண்டும். இரண்டு விரலால் வளைத்தால் வளையாமல் படக்கென்று ஒடிய வேண்டும். சலித்த, ஆறிய சாம்பலோடு கலந்து குடுக்கையில் போட்டு, வாயைத் துணியால் அடைத்துச் சாணத்தால் மெழுகி, நிழலில் தொங்கவிடலாம். ரகத்தின் பெயரையும் எடுத்த மாதத்தையும் எழுதிக் கட்ட வேண்டும். குடுக்கை இல்லாதவர்கள் ஈரச் சாணத்தில் விதையைப் பதித்து வறட்டிபோல் சுவரில் தட்டிக் காயவைக்கும் பழைய முறையையும் பின்பற்றலாம்.

வழக்கமாக எழும் சந்தேகங்கள்

*பாகலுக்குப் பக்கத்தில் வைத்தால் சுரை கசக்குமா?*
கசக்காது. சுரை, பாகல், பீர்க்கு, பூசணி ஒன்றோடொன்று கலக்காது. ஒரே பந்தலில் ஏற்றலாம்.

*பிஞ்சு மஞ்சளாகி உதிர்கிறதே?*
மகரந்தம் சேராததும், பழ ஈ குத்தியதும் முக்கியக் காரணங்கள். முதலாவதற்கு மாலையில் கையால் மகரந்தம் சேர்க்கலாம். இரண்டாவதற்குப் பிஞ்சிலேயே துணிப் பையோ காகிதப் பையோ மாட்டி, உதிர்ந்ததைச் சேர்த்து ஆழமாகப் புதைக்க வேண்டும்.

*ஒரு காய் விதை போதுமா?*
முற்றிய ஒரு காயிலேயே வீட்டுத் தேவைக்கு மேல் விதை இருக்கும். ஆனாலும் இரண்டு கொடிகளிலிருந்து எடுத்துக் கலந்து வைப்பது ரகத்துக்கு நல்லது. மீதியை ஊரில் இரண்டு மூன்று வீடுகளுக்குக் கொடுத்து வைக்கலாம். ஒரு பட்டம் இங்கே பொய்த்தாலும் அங்கிருந்து திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.