மூட்டையில் அடங்கும் கதகதப்பு

சென்னையிலிருந்து இரவில் புறப்படும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ், மறுநாள் பகலெல்லாம் தக்காணத்தில் ஓடி, இரண்டாம் இரவில் போபாலைத் தாண்டி, ஜான்சி, குவாலியர், ஆக்ரா வழியாக விடியும் வேளையில் டெல்லியை நெருங்குகிறது. ஜனவரியில் அந்தக் கடைசிப் பகுதியில் இரவு வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்குவது சாதாரணம். ஏசி பெட்டியில் டிக்கெட்டோடு சேர்ந்து கம்பளி வந்துவிடும். ஸ்லீப்பர் பெட்டியில் அப்படி வராது. ஊரில் போட்டுப் பழகிய ஒற்றைப் பெட்ஷீட்டோடு ஏறியவர்கள் அதிகாலையில் முழங்காலை மார்போடு இறுக்கிக்கொண்டு நடுங்குகிறார்கள். வேலை தேடிப் போகிறவர்கள், தேர்வெழுதப் போகும் மாணவர்கள், சிகிச்சைக்குச் செல்லும் முதியவர்கள் எனப் பலருக்கும் இதுதான் நிலை. பஞ்சடைத்த பெரிய ரஜாயைச் சுமந்து செல்லவும் இவர்களால் முடியாது. ஆனால் கதகதப்புக்கு அவ்வளவு சுமை தேவையே இல்லை என்பதுதான் இயற்பியல் சொல்லும் நல்ல செய்தி.

எந்தப் போர்வையும் வெப்பத்தை உண்டாக்குவதில்லை. அடுப்பு நம் உடல்தான்: தூங்கும்போதுகூட அது 70 முதல் 80 வாட் வரை, ஏறக்குறைய ஒரு பழைய குண்டு பல்பின் அளவுக்கு, வெப்பத்தை வெளிவிடுகிறது. அந்த வெப்பம் தப்பிக்காமல் காப்பது இழைகளுக்கு இடையே சிறைப்பட்ட காற்று. அசையாத காற்று மிக மோசமான வெப்பக் கடத்தி. தண்ணீர் அதைவிட இருபது மடங்குக்கும் மேல் வேகமாக வெப்பத்தைக் கடத்தும். ஆகவே போர்வைக்கு வேண்டியது கனமில்லை, புசுபுசுப்பு. தரமான வாத்துத் தூவியில் வெறும் 28 கிராம் எடுத்து உதறிவிட்டால், அது சுமார் 10 லிட்டர் இடத்தை நிரப்பும். அழுத்தினால் கைப்பிடிக்குள் சுருங்கிவிடும். தூவியின் விலை கட்டுப்படியாகாதவர்களுக்கு, பாலியெஸ்டர் இழை நிரப்பிய மெல்லிய மெத்தைப் போர்வையும் இதே வேலையைச் சற்றுக் கூடுதல் எடையில் செய்துவிடும்.

சிறைப்பட்ட காற்று அசையக் கூடாது என்பது இரண்டாவது நிபந்தனை. ஓடும் ரயிலில் இதுவே கடினம். கண்ணாடியையும் இரும்பு ஷட்டரையும் முழுக்க இறக்கிய பிறகும் ஜன்னல் விளிம்போரமாக ஒரு விரலை நகர்த்திப் பாருங்கள்; ஓரிடத்தில் ஊசி குத்துவதுபோல் காற்று தைக்கும். அந்த மெல்லிய காற்று, தளர்வாகப் பின்னிய கம்பளிச் சால்வைக்குள் எளிதாக நுழைந்து, உள்ளே சேர்ந்திருக்கும் சூட்டை அள்ளிக்கொண்டு போய்விடும். சால்வை நல்லதில்லை என்று அதைக் குறை சொல்கிறோம். உண்மையில் அடுக்கின் வரிசைதான் தவறு. கம்பளி உள்ளே, நெருக்கமாக நெய்த துணி வெளியே இருக்க வேண்டும். மடித்த எட்டு முழ வேட்டியை மேலே போர்த்தினாலே காற்றைப் பெருமளவு தடுத்துவிடலாம். ஓரங்களை உடலுக்கு அடியில் செருகிக்கொண்டால் புரண்டு படுக்கும்போதும் சூடு வெளியேறாது.

போர்வையில் பாதியைக் கீழே விரித்து மீதியைப் போர்த்திக்கொள்வது பலரின் வழக்கம். உடலின் எடையில் நசுங்கிய பகுதியில் காற்று ஏது? பெர்த்தின் ரெக்சின் உறைக்குள் இருக்கும் ஃபோமே கீழ்ப்புறக் குளிரைத் தடுத்துவிடும். தொட்டதும் சில்லிடுவது சில நிமிடத்தில் மாறும். கீழே ஒரு பருத்தி விரிப்பு போதும், கனமானதெல்லாம் மேலே வரட்டும். பெட்டியின் இரும்புச் சுவரில் முதுகு ஒட்டாதபடி ஒரு மடிப்பைச் செருகிக்கொள்வது இன்னும் நல்லது.

கனமான ரஜாய்தானே நன்றாகச் சூடு தருகிறது என்று கேட்கலாம். தருகிறது, ஆனால் அது தடிமனாலும், கனத்தால் உடலோடு படிந்து ஓரத்து இடைவெளிகளை அடைப்பதாலும். செருகிய ஓரங்களும் தூவியின் தடிமனும் அதே வேலையைச் செய்யும்போது கிலோக்கணக்கில் பஞ்சு எதற்கு? இன்னொரு பக்கம், சட்டைப்பையில் அடங்கும் பளபளப்பான அலுமினியம் பூசிய தாளைச் சிலர் பரிந்துரைக்கிறார்கள். 1964-ல் நாசாவின் விண்வெளிப் பணிக்காக உருவான அது, வெப்பக் கதிர்வீச்சைத் திருப்பி அனுப்புவதில் சிறந்தது. ஆனால் உடையோடு ஒட்டிக் கிடக்கும்போது அந்தப் பயன் குறைந்துவிடும். தோலிலிருந்து நாம் உணராமலே ஆவியாகும் ஈரம் வெளியேற முடியாமல் அதன் உட்புறத்தில் துளித்துளியாகப் படிந்து, உடையை நனைத்து, குளிரைக் கூட்டவும் செய்யும். விபத்தில் சிக்கியவருக்கு அது உயிர்காப்பு. ஓர் இரவுத் தூக்கத்துக்கு உகந்ததல்ல. கம்பளிக்கோ, தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உறிஞ்சியும் நனைந்த உணர்வைத் தராத குணம் உண்டு.

உடலின் சூட்டில் பாதி தலை வழியாகப் போகிறது என்பதும் மிகை. தலையின் பங்கு ஏறக்குறைய அதன் பரப்பளவுக்குத் தக்கதே. இருந்தும், மற்ற இடமெல்லாம் மூடியிருக்கும்போது திறந்த தலைதான் பெரிய ஓட்டை. ஆகவே மங்கி குல்லா பயனுள்ளதே. பாதத்தை மூடுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. சூடான பாதம் உள்ளவர்கள் சீக்கிரம் உறங்கிவிடுகிறார்கள் என்று சுவிட்சர்லாந்தின் பாசெல் நகர ஆய்வாளர்கள் 1999-ல் ‘நேச்சர்’ இதழில் காட்டினார்கள். அதிகாலையில் உடலின் உள் வெப்பம் தன் தாழ்ந்த நிலையை எட்டுகிறது. அப்போது அடிக்கடி வரும் கனவுறக்கத்தில் நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளும் திறனும் அடங்கிவிடுகிறது. வண்டி ஆக்ராவை நெருங்கும் அந்த நேரத்தில் வெளிக்குளிரும் உச்சத்தை நெருங்குகிறது. ஆகவே, குளிர ஆரம்பித்தபின் போர்த்திக்கொள்ளலாம் என்று காத்திருக்காமல், படுக்கும்போதே அடுக்குகளைச் சரிசெய்துகொள்ள வேண்டும்.

ஒரு கம்பளி அல்லது மெல்லிய மெத்தைப் போர்வை, ஒரு வேட்டி, ஒரு விரிப்பு, குல்லா, உலர்ந்த காலுறை. இவை ஒரு தோள்பைக்குள் அடங்கும். அதுவும் இல்லாமல் ஏறிவிட்டவருக்கு ஸ்டேஷனில் வாங்கும் செய்தித்தாள் இருக்கிறது. நான்கைந்து தாளைச் சற்றுக் கசக்கிப் பெட்ஷீட்டுக்கும் ஸ்வெட்டருக்கும் நடுவில் பரப்பினால், தாள் காற்றைத் தடுக்கும், கசங்கல் காற்றைப் பிடித்துவைக்கும். எதிர் பெர்த்தில் ஒரு முதியவர் நடுங்கிக்கொண்டிருந்தால் அந்தத் தாளில் பாதியை அவரிடம் நீட்டுங்கள். எப்படிப் பரப்புவது என்பதையும் சொல்லிக்கொடுங்கள்.