தானே நின்று தானே எழும் கணினி

எழுதிக்கொண்டிருக்கும்போதே கணினியின் திரை திடீரென இருளுகின்றது. சில கணங்களின் பின், யாதும் நிகழாதது போல அது தானே எழுந்து, தொடக்கத்திலிருந்து தன் வேலையை ஆரம்பிக்கின்றது. எழுதியவையோ போயொழிந்தன. இத்தொல்லையை அறியாத இல்லங்கள் இந்நாளிற் சிலவே. யாம் தமிழாசிரியர், மின்னியலையோ கணினியியலையோ முறையாகப் பயின்றவரல்லேம். எனினும், சரவணையில் உள்ள எம் இல்லத்துக் கணினி 2023ஆம் ஆண்டில் ஏறத்தாழ மூன்று திங்கள் இந்நோயால் வருந்தியது. அதனால் யாம் அடைந்த நட்டமும் பெற்ற அறிவும் நம் கல்லூரியின் பழைய மாணவர்க்கும் இன்றைய மாணவர்க்கும் பயன்படும் எனக் கருதி, அவற்றை இவ்விழா மலரில் எடுத்துரைக்க முற்பட்டோம்.

நட்டத்தை முதலிற் கூறுவோம். தோணி, வலை, பனை, காற்று என்பன பற்றித் தீவக முதியோர் நாவில் வழங்கும் சொற்களைப் பல்லாண்டுகளாக யாம் தொகுத்து வருகின்றோம். வாடை, சோளகம், கச்சான், கொண்டல் என்னும் காற்றின் பெயர்களை இன்றைய மாணவரும் அறிவர். ஆயின், ஒரு காற்று ஓய்ந்து மற்றொன்று எழுமுன் கடலில் தோன்றும் குறிகளுக்கும், அப்போது பாயை மாற்றும் முறைகளுக்கும் தனித்தனிப் பெயர்கள் இருந்தன. இளமையிற் பாய்மரத் தோணியில் ஓடிய முதியவர் ஒருவர் அவற்றை எமக்குச் சொல்லச் சொல்ல, யாம் தாளில் எழுதாது நேரே கணினியிற் பதிந்தோம். ஒருநாள் மாலை, அக்கோப்பைச் சேமிக்கும் கணத்திலேயே கணினி நின்றது. மீண்டும் எழுந்தபோது கோப்புத் திறக்கவில்லை. ஏழு திங்களுக்கு முன்னர் எடுத்து வைத்த பிரதியொன்றே எஞ்சியது.

கணினியை நகரத்திலுள்ள கடையொன்றுக்குப் பண்ணைப் பாலம் வழியே எடுத்துச் சென்றோம். அங்கு விண்டோஸ் மென்பொருளைப் புதிதாக நிறுவினர். நினைவகத் தகட்டையும் மாற்றினர். மூன்று நாள் கடையில் ஓடியபோது அஃது ஒருமுறையேனும் நிற்கவில்லை. மகிழ்ந்து வீட்டுக்குக் கொணர்ந்தோம். அன்று மாலையே பழைய நோய் திரும்பிற்று. மீண்டும் கொண்டு சென்றோம். மீண்டும் அங்கே நலமாக ஓடியது. அப்போது மின்வேலை செய்யும் எம் பழைய மாணவர் ஒருவர் கூறிய சொல்லே எமக்கு வழிகாட்டியது: “சேர், கடையிலை வராத வருத்தம் வீட்டிலை மட்டும் ஏன் வருது எண்டு முதல்லை பாருங்கோ.”

நோய் எது, அதன் காரணம் எது, அதனைத் தணிக்கும் வழி எது என முறையே ஆராய்ந்த பின்னரே மருத்துவன் மருத்துவம் செய்தல் வேண்டும் எனத் திருக்குறள் மருந்து என்னும் அதிகாரத்தில் வகுத்துரைக்கின்றது. அதனை ஆண்டுதோறும் வகுப்பிற் கற்பிக்கும் யாம், எம் வீட்டுப் பெட்டிக்கு மட்டும் காரணம் அறியுமுன் மருந்திட்டோம்! கணினி நின்று எழுதல் நோயன்று, நோயின் குறியே. காய்ச்சல் ஒன்றாயினும் அதற்குக் காரணம் பல இருத்தல் போல, இக்குறிக்கும் காரணங்கள் பல.

ஆதலின் முதற்கண் செய்ய வேண்டியது, ஒரு கொப்பியை எடுத்து, கணினி நின்ற நாள், நேரம், அப்போது செய்த வேலை, வீட்டில் இயங்கிய ஏனைய மின்கருவிகள் ஆகியவற்றைக் குறித்தலாம். யாம் 11 நாள் குறித்தோம். கணினி 17 முறை நின்றது. அவற்றுள் 14 முறை மாலை ஆறு மணிக்கும் இரவு ஒன்பது மணிக்கும் இடையிலேயே நிகழ்ந்தன. எம் மகள் மற்றொன்றையும் கண்டு கூறினாள்: “அப்பா, லைற் மங்கேக்கைதான் கொம்பியூட்டரும் நிக்குது.”

இனி, காரணங்களை இரு வகையாகப் பகுத்து நோக்குவோம். ஒன்று, கணினி தானே அறிந்து தன்னை மீளத் தொடக்குதல். மற்றொன்று, தான் அறியாமலே மின்னோட்டம் அறுந்து வீழ்தல்.

முதல் வகையில் மென்பொருளின் செயலே பெரும்பான்மை. புதுப்பித்தல்களை ஏற்றிய பின் விண்டோஸ் தானே மீளத் தொடங்குவதுண்டு, இது நோயன்று. வேலை செய்யும் நேரத்தை அமைப்பிற் குறித்துவிட்டால் அந்நேரத்தில் அது தொல்லை தராது. மென்பொருளோ கருவியொன்றோ பெரும் பிழை செய்யுமாயின், நீலத்திரை தோன்றி மறையக் கணினி மீளத் தொடங்கும். அத்திரை ஒரு கணத்தில் மறைவதால் பலர் அதனைக் காண்பதேயில்லை. ‘ஸ்ராட்டப் அன்ட் றிக்கவரி’ என்னும் அமைப்பிலே தானாக மீளத் தொடங்குமாறு இட்ட அடையாளத்தை நீக்கிவிடின், திரை நிலைத்து நிற்கும். பிழையின் பெயரையும் எழுதிக்கொள்ளலாம்.

வெளியிலிருந்து வரும் தீங்கும் உண்டு. 2003ஆம் ஆண்டு ஆகத்து மாதத்திற் பரவிய ‘பிளாஸ்ரர்’ என்னும் புழு நிரல், இணையத்தில் இணைந்த கணினிகளின் திரையில் 60 செக்கன் எண்ணி, பின் அவற்றை மீளத் தொடங்கச் செய்தது. தீங்கு நினையாதார் கையாலும் இது நிகழ்வதுண்டு. 2024 யூலை 19ஆம் நாள், பாதுகாப்பு நிறுவனமொன்று அனுப்பிய பிழையான புதுப்பித்தலால் உலகெங்கும் ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் செயலிழந்தன. அவற்றுட் பல எழுவதும் வீழ்வதுமாகவே நின்றன. விமான நிலையங்களும் மருத்துவமனைகளும் அன்று தடுமாறின. ஆதலின், புதிதாக ஒன்றை நிறுவிய பின் நோய் தொடங்கியதாயின், அதனை நீக்கிப் பார்த்தலே முதல் மருந்து.

இரண்டாம் வகையிற் கணினிக்கு எதையும் எழுதி வைக்க நேரமில்லை. விண்டோஸில் ‘ஈவென்ற் வியூவர்’ என்னும் பதிவேடு ஒன்றுண்டு. அதிலே ‘கேர்னல் பவர்’ என்ற பெயரும் 41 என்ற எண்ணும் காணப்படின், கணினி முறைப்படி அணைக்கப்படாது மீளத் தொடங்கியது என்பதே பொருள். காரணத்தை அது கூறாது. பலர் இவ்வெண்ணையே நோயின் பெயராகக் கொண்டு மயங்குவர். இதனுடன் நீலத்திரைப் பிழை பற்றிய குறிப்பு யாதும் இல்லையாயின், வெப்பம், நினைவகம், மின்வழங்கி என்னும் மூன்றன் மீதும் ஐயம் கொள்ளலாம்.

வெப்பத்தை அறிதல் எளிது. கணினியின் மூளையாகிய செயலி ஏறத்தாழ 100 பாகை செல்சியசை அணுகுமாயின், தன்னைக் காத்துக்கொள்ளும் பொருட்டு வேகத்தைக் குறைக்கும். அதற்கும் மேற்படின் நின்றுவிடும். தூசு அடைத்த குளிர்விசிறியும், செயலிக்கும் அதன் மேலுள்ள உலோகத்திற்கும் இடையே பூசிய வெப்பப் பசை காய்ந்து போதலும் இதற்குக் காரணங்கள். கடினமான வேலையின்போது மட்டும் கணினி நிற்குமாயின் வெப்பத்தையே முதலில் நினைக்க. மின்னிணைப்பை அகற்றி, மென்றூரிகையால் தூசு தட்டுதல் யாவர்க்கும் இயலும்.

நினைவகத் தகடு தளர்ந்திருப்பினும் அதன் பொன்னிறப் பற்களில் அழுக்குப் படிந்திருப்பினும் கணினி தடுமாறும். தகட்டைக் கழற்றி, அப்பற்களை அழிறப்பரால் மெல்லத் தேய்த்து, துகளை நீக்கி, மீள அழுத்திப் பொருத்துவர். கடற்காற்று வீசும் நம் தீவுகளில் உப்பும் ஈரமும் உலோகத்தை விரைவில் அரிப்பதால், இப்பணி பயன் தருவதை யாம் கண்டுள்ளோம். விண்டோஸிலேயே நினைவகத்தைச் சோதிக்கும் கருவி ஒன்று உண்டு; அதனை இரவில் ஓடவிட்டு விடியலில் முடிவைக் காணலாம்.

மூன்றாவதாகிய மின்வழங்கியே எம் கதையின் நடு. சுவரிலிருந்து வரும் 230 வோல்ற்று மின்னை, கணினியின் உறுப்புகள் வேண்டும் 12, 5, 3.3 வோல்ற்றுகளாக மாற்றித் தருவது இப்பெட்டியின் தொழில். மின் நலமாக உள்ளது என்னும் குறிப்பை இஃது இடையறாது தாய்ப்பலகைக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். அக்குறிப்பு ஒரு கணம் அறுந்தாலும் கணினி வீழும். மின் திரும்பினால் எழும். நல்ல மின்வழங்கி, ஒரு செக்கனை ஆயிரமாகப் பகுத்தால் அவற்றுள் ஏறத்தாழ 16 பங்கு நேரம், தன்னிடம் தேங்கிய மின்னைக் கொண்டு தடையைத் தாங்கும். அம்மின்னைத் தேக்கி வைப்பவை கொள்ளளவிகள் என்னும் சிறு உருளைகள். அவை முதுமையாலும் வெப்பத்தாலும் வற்றித் தலை புடைக்கும். புடைத்தால் தாங்கும் வலிமை குன்றும். 2000ஆம் ஆண்டை அடுத்த சில ஆண்டுகளில் தரங்குன்றிய கொள்ளளவிகள் உலகெங்கும் பரவி, எண்ணற்ற தாய்ப்பலகைகளைக் கெடுத்தமை கணினி வரலாற்றிற் பதிந்த செய்தியாகும்.

எம் மாணவர் மின்மானியைக் கொணர்ந்து இரவு ஏழு மணிக்கு எம் சுவரில் அளந்தார். 184 வோல்ற்றே இருந்தது. மின்மாற்றியிலிருந்து வரும் கம்பியின் கடைக்கோடியில் எம் வீடு உள்ளது. கம்பி நீள நீள அழுத்தம் குறையும். மாலையில் யாவரும் விளக்கேற்றி, நீரிறைக்கும் பம்பியையும் இயக்கினால் மேலும் தாழும். பம்பி தொடங்கும் கணத்தில் விளக்கு மங்குதல் அதனாலேயே. நகரக் கடையில் இக்குறை இல்லை. ஆதலின் அங்கே நோயும் இல்லை.

பின்னர், ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றினோம். இரண்டை ஒருங்கே மாற்றின் எது பயன் தந்தது என அறிய இயலாது. முதலில் யு.பி.எஸ். கருவியை அகற்றி, கணினியை நேரே சுவரில் இணைத்தோம். நிற்றல் பெரிதும் குறைந்தது, முற்றாக நீங்கவில்லை. காப்பதற்கு வைத்த கருவியே கெடுத்தமை எமக்கு வியப்பாயிற்று. அதனுள் இருந்த மின்கலம் இறந்திருந்தது. அழுத்தம் தாழும்போது அக்கருவி மின்கலத்துக்கு மாறும். அங்கோ மின் இல்லை. உடனே கணினி வீழும். இத்தகைய ஈய அமில மின்கலங்கள் மூன்று முதல் ஐந்து ஆண்டுகளே நிலைக்கும். வெப்பமும், முற்றாக வடியும்வரை பயன்படுத்தலும் அதனையும் குறைக்கும். 2022ஆம் ஆண்டு பங்குனி இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை மின் தடைப்பட்ட காலத்தில், எம்முடையது எத்தனை முறை முற்றாக வடிந்ததோ! அடுத்து, மாணவர் தந்த வேறொரு மின்வழங்கியைப் பொருத்தினோம். அன்றிலிருந்து நிற்றல் ஒழிந்தது. பழைய பெட்டியை அவர் திறந்து காட்டியபோது, இரு கொள்ளளவிகள் தலை புடைத்திருந்தன; விசிறியின் அச்சில் துரு ஏறியிருந்தது. அன்பர்கள் இப்பெட்டியைத் தாமே திறத்தல் ஆகாது. சுவரிலிருந்து கழற்றிய பின்னும் அதனுள் 300 வோல்ற்றுக்கு மேற்பட்ட மின் தேங்கியிருத்தல் கூடும்.

ஆகவே, தீவகத்தார் கணினி வாங்கும்போது, தாழ்ந்த அழுத்தத்தைச் சீர்செய்யும் யு.பி.எஸ். ஒன்றை உடன் வாங்குக. அதன் மின்கலத்தை ஆண்டுக்கு ஒருமுறை சோதிக்க. மடிக்கணினிக்கு மின்கலம் உள்ளேயே இருப்பதால், அது நின்று எழுமாயின் காரணத்தைச் சுவரில் தேடற்க. வெப்பத்திலும் மென்பொருளிலும் தேடுக.

கடல் கடந்து வாழும் பழைய மாணவர்க்கும் ஒரு சொல். ஊர்ப் பாடசாலைகளுக்குக் கணினிகளை அனுப்பும் அன்பு பெரிது. ஆயின், கனடாவில் வீட்டு மின்னழுத்தம் 120 வோல்ற்று, இங்கே 230. பழைய மின்வழங்கிகளின் பின்புறத்தில் 115, 230 என எழுதிய சிறு ஆளி ஒன்று இருக்கும். அதனை மாற்றாது இங்கே இணைத்தால் மின்வழங்கி அக்கணமே கருகும். 100 முதல் 240 வரை எனப் பொறித்திருப்பின் அச்சமில்லை. பெட்டியின் மேல் இதனை ஒரு தாளில் எழுதி ஒட்டி அனுப்பினால், கொடை பழுதாகாது வந்து சேரும்.

யாவற்றிலும் முதன்மையான ஒன்றை ஈற்றிற் கூறுகின்றோம். நோயைத் தேடுமுன் எழுத்தைக் காக்க. கணினி முதன்முறை தானே நின்றவுடன், வேறெதுவும் செய்யாது, கோப்புகளைப் பிரதி எடுத்து வெளியே வைக்க. ஒன்று வீட்டில், ஒன்று வேறிடத்தில் இருத்தல் நன்று. 1990க்குப் பின் யாழ்ப்பாணம் மின்னின்றி இருந்த ஆண்டுகளில், சிறுவராகிய யாம் போத்தல் விளக்கொளியிற் படித்தோம். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டோம். அக்காலத்தில் எழுதிய கொப்பிகள் இன்றும் எம்மிடம் உள. மின் வந்த பின் எழுதியவையே தொலைந்தன.

அம்முதியவரிடம் மீண்டும் சென்று கேட்போம் என எண்ணியிருந்தோம். கணினி நலமடைந்த மாதத்திலேயே அவர் காலமானார். அவர் கூறியவற்றுள் எம் நினைவில் எஞ்சியவற்றை இப்போது ஒரு கொப்பியில் மையால் எழுதி வைத்துள்ளோம். அவை ஒரு பக்கத்தை நிரப்பவில்லை. காற்றையும் கடலையும் பற்றிய இத்தகைய சொற்களைத் தம் பாட்டனாரிடம் கேட்டறிந்த பழைய மாணவர் எந்நாட்டில் இருப்பினும், அவற்றை எழுதி எமக்கு உதவுமாறு பணிவுடன் வேண்டுகின்றோம். விழாக் காணும் நம் கல்லூரி நீடு வாழ்க.