தொழிலும் கணக்கும்
தொழிற்பயிற்சி நிலையங்களில் கணிதப் பாடம் பற்றி ஒரு விளக்கம்

நம் சங்க அங்கத்தினர்களின் இல்லங்களில் ஆண்டுதோறும் மே, ஜூன் மாதங்களில் ஒரு கேள்வி எழுகின்றது. பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளையை மேற்கொண்டு எதில் சேர்ப்பது என்பதே அது. அப்போது பெற்றோர் பலர், "அவனுக்குக் கணக்கு வராது, ஏதேனும் ஒரு கைத்தொழிலில் சேர்த்துவிடலாம்" என்று முடிவு செய்வதைக் காண்கின்றோம். கைத்தொழிலைத் தேர்ந்தெடுப்பதில் தவறில்லை. ஆயின், கணக்கு வராதோருக்கே தொழில் என்னும் எண்ணம் தவறானது. அவ்வெண்ணத்தோடு சேரும் பிள்ளை, சேர்ந்த சில வாரங்களிலேயே கணக்குப் பாடத்தைக் கண்டு திகைத்துப் பயிற்சியைக் கைவிடவும் நேர்கின்றது. ஆகவே, தொழிற்பயிற்சியில் கணிதம் ஏன் வைக்கப்பட்டுள்ளது, அது எத்தகையது, அதற்கு எவ்வாறு ஆயத்தமாவது என்பவற்றை இங்கு விளக்க முற்படுகின்றோம்.

பயிற்சியின் அமைப்பு

மத்திய அரசின் கைவினைஞர் பயிற்சித் திட்டம் 1950-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. ஐ.டி.ஐ. என்று மக்கள் வழங்கும் தொழிற்பயிற்சி நிலையங்கள் இத்திட்டத்தின்படியே நடைபெறுகின்றன. பதினான்கு வயது நிறைந்தோர் சேரலாம். வெல்டர் போன்ற தொழில்களுக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சி போதும். பயிற்சிக் காலம் ஓராண்டு. பிட்டர், டர்னர், எலக்ட்ரீஷியன் ஆகிய தொழில்களுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். பயிற்சிக் காலம் இரண்டாண்டு. பயிற்சி நேரத்தின் பெரும்பகுதி பட்டறையிலேயே கழியும். அத்துடன் தொழில் பற்றிய பாடமும், பட்டறைக் கணக்கும் அறிவியலும் என்னும் பாடமும் உண்டு. பயிற்சி முடித்தோர் 1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டப்படி ஆலைகளில் பழகுநராகச் சேரலாம். இரண்டாண்டுப் பயிற்சி பெற்றோர் பாலிடெக்னிக்கில் நேரே இரண்டாம் ஆண்டில் சேரவும் வழியுண்டு.

இம்முறை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் சமுதாயக் கல்லூரிகள் என்பவை இருக்கின்றன. அவற்றுள் மிகப் பழமையானவற்றுள் ஒன்று, இல்லினாய்ஸ் மாநிலத்து ஜோலியட் நகரில் 1901-இல் தோன்றியது. அத்தகைய கல்லூரிகளிலும் இயந்திரத் தொழில் பயில்வோர்க்குத் தொழிற்கணிதம் என ஒரு பாடம் உடன் வைக்கப்படுகின்றது. தொழிலையும் கணக்கையும் பிரிக்க இயலாது என்பதே இரு நாட்டாரும் கண்ட முடிவு.

பட்டறைக் கணக்கு எத்தகையது?

பள்ளிக்கூடத்தில் கணக்கு சூத்திரத்திலிருந்து தொடங்குகின்றது. பட்டறையிலோ கையில் இருக்கும் பொருளிலிருந்து தொடங்குகின்றது. பின்னம், தசமம், விகிதம், சதவீதம், வர்க்கமூலம், பரப்பளவு, கன அளவு, சிறிதளவு கோணவியல் ஆகியவையே இதில் வருவன. இவற்றுள் பெரும்பாலானவை பிள்ளை முன்பே கேட்டவைதாம்.

கடைசல் இயந்திரத்தில் 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள இரும்புத் தண்டைக் கடைய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்திற்கு 30 மீட்டர் வேகத்தில் உளி வெட்ட வேண்டும். தண்டு ஒரு சுற்றுச் சுற்றினால் உளிக்கு முன் செல்லும் நீளம் 50-ஐ 3.14-ஆல் பெருக்கிய 157 மில்லிமீட்டர். 30 மீட்டர், அதாவது 30,000 மில்லிமீட்டர் செல்ல, ஏறத்தாழ 191 சுற்றுகள் வேண்டும். வேகத்தை இதற்கு மேல் மிகவும் கூட்டினால் உளி முனை சூடேறி மழுங்கும். மிகவும் குறைத்தால் நேரம் வீணாகும். வட்டத்தின் சுற்றளவு என்று பள்ளியில் மனப்பாடம் செய்த பாடத்தின் பயன் இங்கேதான் விளங்குகின்றது.

கொத்தனார் கடைக்கால் போடும்போது ஒரு பக்கம் 3 அடியும், மறுபக்கம் 4 அடியும் அளந்து, குறுக்கே 5 அடி வருகின்றதா என்று பார்த்து மூலையைச் சதுரமாக்குகின்றார். அதுவும் கணிதமே.

கிணறும் மோட்டாரும்

விவசாய அங்கத்தினர்க்கு நெருக்கமான உதாரணம் ஒன்றைக் கூறுவோம். ஒருவர் தம் கிணற்றிலிருந்து விநாடிக்கு 8 லிட்டர் நீர் இறைக்க விரும்புகின்றார். குழாயில் ஏற்படும் உராய்வையும் சேர்த்து நீர் ஏற வேண்டிய உயரம் 20 மீட்டர். ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ எடையுடையது. எனவே 8, 20, 9.81 ஆகிய மூன்றையும் பெருக்கினால் தேவையான ஆற்றல் 1,570 வாட் எனக் கிடைக்கும். பம்பின் திறன் நூற்றுக்கு ஐம்பது என்று கொண்டால், மோட்டார் தர வேண்டியது 3,140 வாட். ஒரு குதிரைத்திறன் என்பது 746 வாட். ஆகவே தேவை 4.2 குதிரைத்திறனே, 5 குதிரைத்திறன் மோட்டார் போதுமானது.

இக்கணக்கைப் போடாதவர், பக்கத்துத் தோட்டத்தைப் பார்த்து ஏழரைக் குதிரைத்திறன் மோட்டாருக்குக் கடன் மனு எழுதுகின்றார். மிகைப்பட்ட விலைக்கும் அவரே வட்டி கட்ட வேண்டும். ஊற்றுக் குறைந்த கிணறாயின், பெரிய மோட்டார் விரைவில் நீரை வற்றச் செய்துவிட்டு நிற்கும். அவ்வீட்டில் பயிற்சி பெற்ற எலக்ட்ரீஷியன் ஒருவன் இருந்திருந்தால் ஒரு துண்டுத்தாளில் இதைச் சொல்லியிருப்பான்.

பாவும் நூலும்

நெசவாளர்க்கோ கணக்கு அன்றாடத் தேவை. 40-ஆம் நம்பர் நூல் என்றால் என்ன பொருள்? 840 கெஜம் நீளமுள்ள சிட்டங்கள் 40 சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை என்பதே பொருள். நம்பர் கூடக்கூட நூல் மெலிகின்றது. இன்றைய அளவில், 40-ஆம் நம்பர் நூல் ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 67,700 மீட்டர் வரும்.

3,400 இழைகள் கொண்ட 60 மீட்டர் பாவு ஒன்றை எடுத்துக்கொள்வோம். மொத்த நூல் நீளம் 2,04,000 மீட்டர். இதை 67,700-ஆல் வகுத்தால் எடை ஏறத்தாழ 3 கிலோ. கஞ்சியிட்டபின் பாவின் எடை கூடுமாதலால், கஞ்சியிடாத நூலின் எடையையே ஒப்பிட வேண்டும்.

ஒரு சங்கத்தில் நாம் தணிக்கை செய்தபோது, இத்தகைய பாவுக்கு 3 கிலோ 300 கிராம் நூல் கொடுத்ததாகப் பதிவாகியிருந்தது. நெசவாளர் திருப்பிய சேலைகளின் எடை அதற்குக் குறைந்ததால் கூலியில் பிடித்தம் செய்திருந்தனர். உபரி 300 கிராம் கழிவுக்காகக் கொடுக்கப்பட்டதா, அன்றிப் பிழையாக எழுதப்பட்டதா என்று கேட்பார் அங்கே இல்லை. நெசவாளர் தறியில் வல்லவர். அவர் கையெழுத்தோ வழக்கம்போல் ஏட்டில் இருந்தது. வகுத்தல் கணக்கு ஒன்று அறிந்திருந்தால் அன்றைக்கே கேட்டிருப்பார். கேள்வி கேட்கும் அங்கத்தினர் இருக்கும் சங்கத்தில் எழுத்தரும் பிழையின்றி எழுதுவார். நேர்மையான எழுத்தர்க்கும் வீண்பழி வாராது. நெசவுக் கணக்கை முறையாகப் பயில விரும்பும் இளைஞர்க்கு, சேலத்தில் 1960-இல் நிறுவப்பெற்ற இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கின்றது.

பெற்றோரும் சங்கமும் செய்யத்தக்கவை

1. பயிற்சியில் சேருமுன் இரண்டு மாத காலம், நாள்தோறும் அரைமணி நேரம் பின்னம், தசமம், விகிதம், சதவீதம் ஆகிய நான்கையும் பிள்ளை பழகட்டும். இவற்றில் தடுமாற்றம் நீங்கினால் பட்டறைக் கணக்கில் பாதி அச்சம் நீங்கும்.

2. கருவியில் எண்களைத் தட்டுமுன் விடை ஏறத்தாழ எவ்வளவு என்று மனத்தால் மதிப்பிடப் பழக்குக. அவ்வாறு பழகியவனுக்குத் தசமப்புள்ளி இடம் மாறினால் உடனே தெரியும்.

3. சேர்க்கை விதிகளையும் இடங்களையும் அருகிலுள்ள அரசினர் தொழிற்பயிற்சி நிலையத்தில் நேரில் கேட்டறிக. தனியார் நிலையமாயின் அரசின் அங்கீகாரம் அத்தொழிலுக்கு உண்டா என்று பார்த்த பின்னரே பணம் கட்டுக.

4. பெண் பிள்ளைகளையும் சேர்க்க. அளவுகோலும் கணக்கும் ஆண், பெண் என்று பார்ப்பதில்லை.

5. சங்கக் கட்டிடம் மாலையில் பூட்டிக் கிடக்கின்றது. ஊரிலுள்ள ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரைக் கொண்டு வாரம் இருமுறை கணக்கு வகுப்பு நடத்தலாம். துணைவிதிகளில் பொதுநல நிதிக்கு இடமிருப்பின், நிர்வாகக் குழு தீர்மானம் செய்து சிறு தொகை ஒதுக்கலாம். பிள்ளைகளோடு அங்கத்தினரும் அமர்ந்து தம் பாஸ் புத்தகத்தையே பாடமாகக் கொள்ளலாம்.

இங்கிலாந்தில் 1844-ஆம் ஆண்டு ராச்டேல் நகரில் கூட்டுறவுப் பண்டகசாலையைத் தொடங்கிய இருபத்தெட்டுப் பேருள் நெசவாளரும் இருந்தனர். சரியான எடையும் அளவும் அவர்கள் மேற்கொண்ட கொள்கை. பின்னர் இலாபத்தில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கைக் கல்விக்கென ஒதுக்கவும் செய்தனர். கணக்குப் பார்க்கத் தெரிந்த அங்கத்தினரே சங்கத்தின் உண்மையான காவலர் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். தொழில் கற்கச் செல்லும் நம் பிள்ளைகள் கணக்கையும் கற்றுத் திரும்புவார்களாயின், அவர்கள் தம் கூலியைக் காப்பதோடு நம் சங்கங்களையும் காப்பார்கள்.