எழுதினவள் நீ... உரிமை யாருக்கு?

சகோதரிகளே, உங்களில் எத்தனை பேர் வீட்டில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது? பலகாரக் குறிப்போ, குழந்தைக்குச் சொன்ன கதையோ, மனசு கனத்த நாளில் கிறுக்கிய நாலு வரியோ, எதுவானாலும் சரி. அது ஒருநாள் அச்சாகிப் புத்தகமானால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்க்காத பெண் இருக்கிறாளா? நினைப்பதில் தப்பில்லை. ஆனால் புத்தகம் வந்தபின் அது யாருடைய சொத்து என்பதையும் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டாமா?

நம் பாலக்கரையில் பஸ் ஏறி, மெயின்கார்டு கேட், சத்திரம், காவிரிப் பாலம் தாண்டினால் ஸ்ரீரங்கம் வந்துவிடும். அந்த ஸ்ரீரங்கத்துப் பெரிய வைதிகக் குடும்பம் ஒன்றுக்குச் சின்ன வயசிலேயே மருமகளாக வந்தவர் ரங்கநாயகி. 1905ல் பிறந்தவர். இள வயதிலேயே காது கேட்காமல் போயிற்று. அதற்காக மூலையில் உட்கார்ந்துவிடவில்லை. தாமாகவே படித்துப் பல மொழிகள் கற்றார், கதர் கட்டினார், 'குமுதினி' என்ற பெயரில் எழுதினார். தாகூரின் 'யோகாயோக்' நாவலைத் தமிழில் தந்தவரும் அவர்தான். அந்நாவலின் கதாநாயகி பெயர்தான் குமுதினி! சீதை அயோத்தியிலிருந்து பிறந்த வீட்டுக்குப் புடவை பற்றிக் கடிதம் எழுதுவதுபோல அவர் எழுதியதைப் படித்துவிட்டுச் சிரிக்காதவர் இல்லை. அவருடைய கட்டுரைத் தொகுதியின் பெயர் 'சில்லறைச் சங்கதிகள் லிமிடெட்'. வீட்டுக்குள் நடக்கும் சில்லறை விஷயம்கூட இலக்கியம் ஆகும் என்று காட்டியவர் அவர். திருச்சி சேவா சங்கத்தை உருவாக்கியவர்களில் ஒருவரும்கூட.

இன்னொருவர் தொட்டியம் பக்கத்து அம்மாப்பேட்டையில் 1921ல் பிறந்த திரிபுரசுந்தரி. 'லட்சுமி' என்றால் உங்கள் அம்மாவுக்கும் பாட்டிக்கும் நன்றாகத் தெரியும். நம் தெப்பக்குளத்துப் பக்கம் இருக்கும் ஹோலி கிராஸில் படித்துவிட்டு, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். யுத்த காலம், வீட்டில் பணமுடை. படிப்பு நின்றுவிடுமோ என்ற நிலை. நேரே ஆனந்த விகடன் ஆசிரியர் வாசனைப் பார்த்து, "கதை எழுதித் தருகிறேன்" என்றார். கதைப் பணத்தில் படித்தார், டாக்டரானார்! 1984ல் 'ஒரு காவிரியைப் போல' நாவலுக்கு சாகித்ய அகாடமி பரிசும் வந்தது. பேனா சோறு போடுமா என்று கேட்பவர்களுக்கு, அது காலேஜ் சம்பளமும் கட்டும் என்று பதில் சொல்லுங்கள்.

பத்திரிகையையே வாங்கிய பெண்

இவர்களுக்கு முன்னோடி வை.மு.கோதைநாயகி அம்மாள். 1901ல் பிறந்தவர். ஐந்தரை வயதில் கல்யாணம். பள்ளிக்கூடம் போனதே இல்லை. எழுத வராது. ஆனால் கதை சொல்ல வரும். அவர் சொல்லச் சொல்லத் தோழி பட்டம்மாள் எழுதியதுதான் 'இந்திரமோகனா' என்ற நாடகம். 1924ல் அச்சாயிற்று. மறு வருஷம் 1925ல் 'ஜகன்மோகினி' பத்திரிகையைத் தாமே வாங்கி நடத்த ஆரம்பித்தார். ஏறக்குறைய முப்பத்தைந்து வருஷம்! நாவல்கள் மட்டும் 115. சுதந்திரப் போராட்டத்தில் ஜெயிலுக்குப் போனபோதும் கதை எழுதுவதை விடவில்லை.

இதில் கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்று உண்டு. பத்திரிகை அவர் கையில் இருந்ததால் எதைப் போடலாம், எதை நிறுத்தலாம் என்று இன்னொருவர் உத்தரவுக்காக அவர் காத்திருக்கவில்லை. சந்தாப் பணம் அவர் வாசலுக்கே வந்தது.

'சமைத்துப் பார்' மீனாட்சி அம்மாளும் அப்படித்தான். இள வயதில் கணவரை இழந்து, குடும்ப பாரம் தலையில் விழுந்த பெண். உறவினர்கள் ஓயாமல் கடிதம் போட்டுச் சமையல் கேட்கிறார்களே, அதைப் புத்தகமாகவே போட்டுவிடேன் என்று மாமா சொன்னாராம். தங்க வளையலை விற்று அச்சுக் கூலி கொடுத்தார் என்று குடும்பத்தார் சொல்வார்கள். 1951ல் முதல் பாகம் வந்தது. இன்றைக்கும் கல்யாணப் பெண்ணுக்குச் சீரோடு வைத்துக் கொடுக்கிறோமே! புத்தகம் அந்தக் குடும்பத்தின் கையிலேயே இருந்தது. வளையல் போனாலும் தலைமுறைக்கும் ஒரு சொத்து நின்றது.

சீமையிலும் இதே கதைதான்

வெள்ளைக்காரச் சீமையில் பெண்களுக்கு எல்லாம் சுலபமாக நடந்திருக்கும் என்று நினைக்காதீர்கள். பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஃபேனி பர்னி என்ற பெண், அப்பாவுக்குத் தெரியாமல் 'எவலினா' என்ற நாவலை எழுதினாள். தன் கையெழுத்தை அச்சுக்கூடத்தில் யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாதே என்று எழுத்தை மாற்றி மாற்றிப் பிரதி எடுத்தாள். 1778ல் பெயர் போடாமலே வெளிவந்தது. நாவல் பறந்து பறந்து விற்றது. அவளுக்குக் கிடைத்ததோ இருபது கினி. உரிமையை விற்றாயிற்றே, அப்புறம் கேட்க முடியுமா?

அவள் பாடம் கற்றுக்கொண்டாள். 1796ல் 'கமில்லா' நாவலுக்கு முன்கூட்டியே சந்தா சேர்த்தாள். பணம் கட்டியவர்கள் பெயர்ப் பட்டியலில் இருபது வயது ஜேன் ஆஸ்டினும் ஒருத்தி! அந்த ஜேன் ஆஸ்டின் 1803ல் பத்து பவுனுக்கு விற்ற நாவலை வாங்கியவர் அச்சிடாமலே வைத்திருந்தார். 1816ல் அதே பத்து பவுனைக் கொடுத்துத்தான் திரும்ப வாங்கினார்கள்.

சார்லட் ஸ்மித் கதை இன்னும் வேதனை. கடன்காரக் கணவனை விட்டு விலகி, பிள்ளைகளை வளர்க்க எழுதிக் குவித்தாள். ஆனால் அந்நாட்டுச் சட்டப்படி கல்யாணமான பெண்ணின் சம்பாத்தியம் கணவனுக்கே சொந்தம்! விலகிப் போன கணவன் பதிப்பாளரிடம் பணம் கேட்டு வந்தாலும் தடுக்க வழியில்லை. மனைவியின் சம்பாத்தியம் மனைவிக்கே என்று அங்கே சட்டம் வந்தது 1870ல்தான். போதாக்குறைக்கு, 1801 வரை இங்கிலாந்தின் பதிப்புரிமைச் சட்டம் அயர்லாந்தில் செல்லாது. லண்டனில் வந்த புத்தகத்தை டப்ளின் அச்சுக்கூடக்காரர்கள் மலிவாகப் போட்டு விற்பார்கள். எழுதினவளுக்குக் காலணா வராது.

பெயர் வந்தால் போதுமா?

எங்கள் பாலக்கரைத் தெருவில் ஒரு பெரியம்மா இருக்கிறார். பிள்ளை பெற்றவளுக்கு என்ன பத்தியம், லேகியம் எப்படிக் கிளறுவது என்று நோட்டு நிறைய எழுதி வைத்திருந்தார். ஒருவர் வந்து புத்தகமாகப் போட்டுத் தருகிறேன் என்றார். ஒற்றைத் தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். புத்தகம் வந்தது, விற்றது, மறுபதிப்பும் வந்தது. பெரியம்மாவுக்கு வந்தது ஐந்து பிரதி.

"என்னம்மா, எம் பேரு அட்டையில வந்துச்சே, அது போதாதா?" என்றார் பெரியம்மா.

மருமகள் விடவில்லை. "போதாது அத்தை. ராத்திரி ராத்திரி உட்கார்ந்து எழுதினது நீங்கதானே?" என்று அந்தத் தாளை ஒரு வக்கீலம்மாவிடம் காட்டினாள். தாளில் எத்தனை வருஷத்துக்கு உரிமை என்று ஒரு வார்த்தை இல்லை. "காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருஷம்தான் கணக்கு. கையெழுத்துப் போட்டு ஏழு வருஷமாச்சே, உரிமை உங்களிடமே திரும்பிவிட்டது" என்றார் அவர். பெரியம்மாவுக்கு நம்பவே முடியவில்லை!

கையெழுத்துப் போடுமுன்

நம் நாட்டில் 1957ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டம் இருக்கிறது. இந்த விஷயங்களை முந்தானையில் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள்:

● எழுதிய உடனே உரிமை உங்களுக்கு வந்துவிடுகிறது. பதிவு செய்தால் சாட்சிக்கு நல்லது, கட்டாயம் இல்லை.

● உரிமையை எழுத்து மூலம், கையெழுத்துப் போட்டுத்தான் மாற்றிக் கொடுக்க முடியும். வாய்ப்பேச்சு செல்லாது.

● எந்தப் புத்தகம், எத்தனை வருஷம், எந்த இடத்துக்கு, எவ்வளவு ராயல்டி என்று எல்லாம் தாளில் இருக்க வேண்டும். இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும் என்று பொருள்.

● வாங்கியவர் ஒரு வருஷத்துக்குள் அந்த உரிமையைப் பயன்படுத்தாவிட்டால், தாளில் வேறுவிதமாக இல்லாத பட்சத்தில், அது உங்களுக்கே திரும்பும். ஜேன் ஆஸ்டினுக்கு இல்லாத வசதி!

● உரிமையை விற்ற பிறகும் 'இது நான் எழுதியது' என்று சொல்லும் உரிமை உங்களை விட்டுப் போகாது.

● உங்கள் காலத்துக்குப் பிறகும் அறுபது வருஷம் பதிப்புரிமை உண்டு. பிள்ளைகளுக்கு நகை, பாத்திரம் போல இதையும் எழுதி வைக்கலாம்.

● கையெழுத்துப் போட்ட தாளுக்கு ஒரு நகல், நோட்டுக்கு ஒரு நகல், இரண்டும் உங்கள் பீரோவில் இருக்கட்டும்.

முன்னைப்போல ஆயிரம் பிரதி அடித்துக் கட்டிலுக்கடியில் அடுக்க வேண்டிய அவசியம் இன்று இல்லை. ஐம்பது, நூறு என்றுகூட அச்சிட்டுக்கொள்ளலாம். அக்கம்பக்கம், உறவு, கோயில் சிநேகிதிகள் என்று முன்பணம் சேர்த்தால் ஃபேனி பர்னியின் சந்தா வித்தை நமக்கும் பலிக்கும். பெரியம்மாவும் இப்போது இரண்டாவது நோட்டைத் தேடி எடுத்திருக்கிறார். தாமே அச்சிடப் போகிறாராம்.

பால் கணக்குக்கும் மளிகைக் கணக்குக்கும் சரிபார்க்காமல் பணம் கொடுப்போமா? எழுத்துக்கும் அதே கண்டிப்புதான். எழுதுங்கள் சகோதரிகளே. எழுதி முடித்ததும் மேலே உங்கள் பெயரையும் தேதியையும் போட மறக்காதீர்கள்.